சாப்பாட்டுக் கடையில் ஒரு மலசலகூடம்: கழுவுகிறவரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

கடை தொடங்கி இரண்டாவது வருடம், நல்லூர்த் திருவிழா நேரம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு தாயும் மகளும் விடிய ஆறு மணிக்கு வந்து இருந்தார்கள். இரண்டு புட்டு, சம்பல். தேத்தண்ணி கொண்டுவரட்டோ என்று கேட்டேன். மகள் தாயைப் பார்த்தாள். "வேண்டாம் அக்கா. குடிச்சால் பிறகு போக இடமில்லை" என்று தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இரவு முழுக்கப் பஸ்ஸில் இருந்து வந்தவர்கள். மேசையில் வைத்த தண்ணீரையும் தொடவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் சும்மா கவனித்துப் பார்த்தேன். ஆண்கள் சாப்பிட்டு முடித்து ஒரு பிளேன்ரீ குடிப்பார்கள், கதை நீண்டால் இன்னொன்று. பெண்களில் பாதிப் பேர் தண்ணீர்க் கிளாசைக் கவிழ்த்து வைத்தது வைத்தபடி எழும்பிப் போனார்கள். கடையில் மலசலகூடம் இருந்தது. குசினிக்குள்ளால் போய், விறகு அடுக்கைச் சுற்றி, கிணற்றடியைத் தாண்டினால் ஒன்று. அது எங்களுக்கு. யாராவது கேட்டால் விடுவோம். ஆனால் ஒரு பெண் முன்பின் தெரியாத கடையில், பத்து ஆம்பிளைகள் இருந்து சாப்பிடும் இடத்தில், அதைக் கேட்பாளா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் கக்கூசு எப்போதும் வளவின் கடைசி மூலையில்தான். அம்மம்மா இருட்டினால் லாம்பும் வாளியும் எடுத்துக்கொண்டு போவார். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் வைப்பது அந்தக் காலத்துக்குச் சரியான புத்தி. கடை போடும்போதும் அதே புத்திதான் நமக்கு வருகிறது: பின்னாலே எங்காவது ஒளித்து வை. அதுதான் முதல் பிழை. நானும் விட்ட பிழை. ஒரு தரம் கட்டி, இடித்து, இன்னொரு தரம் கட்டினேன். கண்டி வீதியிலிருந்து உள்ளே வரும் ஒழுங்கையில் 32 கதிரை போட்ட சின்னக் கடை என்னுடையது. பெரிய ஹோட்டல்காரருக்கு இது உதவாது. என்னைப் போல மூன்று பரப்புக் காணிக்குள் கிணறும் குசினியும் கடையும் வைத்து அல்லாடுகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

மேசனுக்கு முதல்

இரண்டாம் முறை கட்டும்போது நான் முதலில் கேட்டது கடையில் கழுவித் துடைக்கும் அக்காவை. மேசனைப் பிறகுதான் கூப்பிட்டேன். "கீழை ஒரு பைப் வையுங்கோ, வாளி வைக்கிற உயரத்திலை. மூலையிலை தண்ணி நிக்காமல் பாருங்கோ. கொமட்டுக்குப் பின்னாலை என்ரை கை போகோணும்." மூன்றே வசனம். பழைய மலசலகூடத்தில் இந்த மூன்றுமே பிழை. கை கழுவும் பேசினில் வாளியைச் சரித்து வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அரை வாளிக்கு மேல் நிரம்பாது. கொமட்டைச் சுவரோடு ஒட்டி வைத்ததில் பின்பக்கம் கை போகாது, அங்கேதான் மணம் பிறந்தது. நான் வாசனைத் திரவியம் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கட்டுவது ஒரு மாத வேலை. கழுவுவது ஒவ்வொரு நாளும், அதுவும் திருவிழா நாளில் மணிக்கு ஒரு தரம். ஆகவே கீழே நான் சொல்வது எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியோடு பாருங்கள்: இதை ஒருவர் ஐந்து நிமிடத்தில் கழுவ முடியுமா?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் மலசலகூடம் கழுவுவதை ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்த காலம் இருந்தது. வாளிக் கக்கூசு போய்விட்டது, அந்த எண்ணம் முழுக்கப் போகவில்லை. வேலைக்கு வரும் பெடியன் "மேசை துடைப்பன், அது மட்டும் மாட்டன்" என்பான். நான் முதல் இரண்டு கிழமையும் நானே கழுவினேன். முதலாளி தும்புத்தடியோடு நிற்பதைப் பார்த்த பிறகு யாரும் அந்தக் கதை கதைக்கவில்லை. கழுவும் அக்காவுக்கு மேசை துடைப்பவரைவிடச் சம்பளம் கூட. அதை எல்லாருக்கும் தெரியத்தான் கொடுக்கிறேன்.

எங்கே வைப்பது

குசினிக்குள்ளால் போகும் வழி வைக்கவே கூடாது. வாடிக்கையாளருக்கு வெட்கம் ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு ஆபத்து மறுபக்கம். நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் பரவும் வழி மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும்தான். பொது சுகாதார பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பதும் இதைத்தான். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது, அவரோடு வாதாடிப் பயனில்லை. மலசலகூடக் கதவு சாப்பிடும் இடத்துக்கோ குசினிக்கோ நேரே திறக்கக் கூடாது. நடுவில் ஒரு சின்ன நடை, இன்னொரு கதவு. நாலடி இருந்தால் போதும். அந்த நடைக்குள் பேசினை வைத்துவிடுங்கள்.

பேசின் இரண்டு வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பிட முதலும் பிறகும் கை கழுவ மண்டபத்துக்குள் ஒன்று, மலசலகூடத்தோடு ஒன்று. இரண்டுக்கும் ஒன்றை வைத்த கடைகளில் மீன்குழம்புக் கையோடு நிற்பவரும் உள்ளே போய் வந்தவரும் ஒரே வரிசையில் முட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

வழியைக் கேட்காமலே கண்டுபிடிக்க வேண்டும். பலகையைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, ஆண் பெண் படமும் போடுங்கள். நயினாதீவுக்குப் போகிற வழியில் தெற்கிலிருந்து வரும் குடும்பங்கள் எங்கள் கடையில் இறங்கும். அவர்கள் மலசலகூடம் எங்கே என்று சிங்களத்தில் "வெசிகிளி?" என்று கேட்கும்போது பரிமாறும் பெடியன் முழித்துக்கொண்டு நிற்பான். பலகை போட்ட நாளிலிருந்து அந்தக் கேள்வி இல்லை.

கட்ட முதல் அனுமதி எடுங்கள். உங்கள் ஒழுங்கை மாநகர சபைக்குள் வருகிறதா, பிரதேச சபைக்குள் வருகிறதா என்று பாருங்கள். நல்லூர்ப் பக்கம் ஒரு வீதிக்கு இந்தப் பக்கம் ஒரு சபை, அந்தப் பக்கம் இன்னொரு சபை.

குழி

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குடாநாட்டில் பாதாளச் சாக்கடை இல்லை. ஒவ்வொரு கடையும் தன் கழிவைத் தன் வளவுக்குள்ளேதான் வைத்திருக்கிறது. கீழே சுண்ணக்கல், அதில் வெடிப்பும் பொந்தும். மணலில் போகிற தண்ணீர் ஊறி ஊறித்தான் போகும். சுண்ணக்கல் வெடிப்பில் அது ஓடியே போய்விடும். நாம் குடிக்கும் கிணற்றுத் தண்ணீரும் அதே கல்லுக்குள்தான் நிற்கிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பல காலமாக ஆய்வாளர் சொல்லி வருகிறார்கள். தோட்டத்து உரம் ஒரு காரணம், மலக்குழி இன்னொரு காரணம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது கூடினால் பிள்ளை நீலம் பாயும்.

ஆகவே அடி இல்லாத பழைய மாதிரிக் குழி கட்டாதீர்கள். "அடி விட்டால் நிரம்பாது அக்கா, கழிவு அள்ளுற பவுசர்க் காசு மிச்சம்" என்று மேசன் சொல்வார். நிரம்பாததற்குக் காரணம், அது உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போய்க்கொண்டிருப்பதுதான். அடியும் சுவரும் சீமெந்து பூசி அடைத்த இரண்டு அறைத் தாங்கி கட்டுங்கள். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவது ஒரு பங்கு. உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் 'ரீ' வடிவத் துண்டு போட்டால் மேலே மிதக்கும் படலம் குலையாது. இரண்டாவது அறையிலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் ஊறும் குழிக்குப் போகும். கிணற்றுக்கும் ஊறும் குழிக்கும் நடுவில் குறைந்தது 50 அடி என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும், அதைத்தான் மறந்துவிடுகிறோம். எங்கள் வளவில் ஒரே ஒரு மூலைதான் அந்தக் கணக்குக்குள் வந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவானது.

அளவு எப்படி? வரும் தண்ணீர் குறைந்தது ஒரு நாளாவது தாங்கிக்குள் நிற்க வேண்டும், அடியில் சேரும் கசடுக்கும் இடம் விட வேண்டும். எங்களுக்குச் சாதாரண நாளில் 600 லீற்றர், திருவிழாவில் 2,000க்கு மேல். 4,000 லீற்றர் தாங்கி கட்டினோம். அடியில் கசடு மூன்றில் ஒரு பங்குக்கு வந்தால் சபையின் கழிவு அள்ளும் பவுசரைக் கூப்பிட வேண்டும். ஒரு நீண்ட தடியில் வெள்ளைத் துணி சுற்றி விட்டுப் பார்த்தால் கறுப்பு எதுவரை என்று தெரியும். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்கு முதலும், மாரிமழைக்கு முதலும் பார்த்துவிடுங்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் பவுசர் கிடைக்கும்.

மாரியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறி, ஊறும் குழி நிரம்பி, தண்ணீர் திரும்பி மலசலகூடக் கோப்பைக்குள் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மூன்று நாள் மலசலகூடத்தைப் பூட்டினோம். குழியின் வாயை நிலமட்டத்தில் விட்டது என்னுடைய பிழை. இப்போது மூடி ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது, மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாமல் வாய்க்காலும் வெட்டியாயிற்று.

குசினித் தண்ணீரை இந்தத் தாங்கிக்குள் விடவே வேண்டாம். எண்ணெய் உள்ளே போனால் கழிவை உக்க வைக்கும் கிருமி வேலை செய்யாது, குழாயும் அடைக்கும். குசினிக்குத் தனியாக எண்ணெய் பிடிக்கும் சின்னத் தொட்டி வைத்து, கிழமைக்கு ஒரு தரம் மேலே படியும் நெய்யை வழித்து எடுங்கள். தாங்கியின் காற்றுக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தி, வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். வலை இல்லாத குழாய் நுளம்புக்கு வாசல்.

தண்ணீர்

கணக்கு லேசு. ஒரு ஆள் போய் வந்தால் கழுவிவிட 6 லீற்றர், தன்னைக் கழுவ 2, கைக்கு 2. பத்து என்று வையுங்கள். எங்கள் கடைக்கு நாளுக்கு 200 பேர், அதில் நாலில் ஒருவர் போனால் 50 பேர், 500 லீற்றர். ஐந்து தரம் நிலம் கழுவ 100. ஆக 600. அதற்காகத்தான் 1,000 லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி, குசினித் தாங்கியிலிருந்து முழுக்கத் தனியாக. ஒரே தாங்கி வைத்திருந்த காலத்தில் ஒரு தேர் நாளில், பஸ்ஸில் வந்த ஐம்பது பேர் இறங்கிப் போய் முடிய, குசினியில் அரிசி கழுவத் தண்ணீர் இல்லை. காலை பதினொரு மணி. அந்த முகங்களை இன்னும் மறக்கவில்லை.

2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் போனது ஞாபகம் இருக்கும். மோட்டர் ஓடாது, தாங்கி ஏறாது. அப்போது எங்களைக் காப்பாற்றியது ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரல், ஒரு வாளி, தண்ணீர் அள்ள ஒரு கோப்பை. இன்றும் நடையில் நிற்கிறது. ஆனால் மூடியோடு. திறந்த பரல் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். கிழமைக்கு ஒரு தரம் வெறுமையாக்கி உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, கை ஷவரின் துளை அடைக்கும், சிஸ்ரர்ன் வால்வில் கல் படிந்து தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு தரம் ஷவர்த் தலையைக் கழற்றி வினாகிரியில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும், ஆனால் தேசிக்காய் விற்கிற விலையில் வினாகிரியே நல்லது. சில இடங்களுக்கு இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கிடைத்தால் பேசினுக்கு அதைக் கொடுங்கள், கழுவிவிடக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

உள்ளே

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. இடம் இல்லை என்றால் பெண்களுக்கும் எல்லாருக்கும் பொதுவாகவும் என்று இரண்டு வையுங்கள். ஒன்றே ஒன்றுதான் முடியுமென்றால் அதைப் பெண்களுக்கு வசதியாகக் கட்டுங்கள், ஆண்கள் சமாளித்துக்கொள்வார்கள்.

குந்தும் கோப்பையா, கொமட்டா? இரண்டும் வேண்டும். கொமட் மட்டும் வைத்தால் அதன் மேலே ஏறிக் குந்துவார்கள், செருப்புத் தடம் இருக்கையில் இருக்கும், ஒரு நாள் அது உடையும். குந்தும் கோப்பை மட்டும் வைத்தால் முழங்கால் வருத்தக்காரர் வரமாட்டார்கள். இந்த ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. போரிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் பொருத்திய செயற்கைக் காலோடு கடைக்கு வரும் ஒரு அண்ணை ஒரு நாள் கேட்டார்: "தங்கச்சி, பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி போடேலாதோ?" அவர் சொல்லும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

கம்பி இருக்கையின் பக்கச் சுவரில், நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் வர வேண்டும். சுவருக்குள் சீமெந்தோடு இறுக்கிப் போடுங்கள். துவாய் போடும் கம்பியை அதற்குப் பதிலாக மாட்டினால் ஆள் விழுவார். இருக்கை நிலத்திலிருந்து 17 முதல் 19 அங்குலம். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும், கதவு திறந்தால் 32 அங்குல இடைவெளி. கதவு வெளியே திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உள்ளே திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். வாசலில் ஆறு அங்குலப் படி இருந்தால் ஆறடி நீளச் சாய்வு போடுங்கள், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் இந்த வசதிகளைக் கேட்கின்றன.

நிலத்துக்கு வழுவழுப்பு மாபிள் வேண்டாம், சொரசொரப்பானது போடுங்கள். ஓரடிக்குக் கால் அங்குலம் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் வடிகால். மேசன் போனதும் நம்பாமல் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். எங்களுக்கு முதல் முறை தண்ணீர் கதவுப் பக்கம் வந்தது. மூலைகளை வளைத்துப் பூசச் சொல்லுங்கள், தும்புத்தடி அப்போதுதான் போகும். சுவரில் ஆறடிவரை ரைல்ஸ். அதற்கு மேல் பெயின்ற் போதும்.

கொக்கி, தாழ்ப்பாள், வெளிச்சம். இந்த மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். திருவிழா நாளில் சேலை, கைப்பை, அர்ச்சனைத் தட்டு, பிள்ளையின் சட்டை எல்லாவற்றையும் பெண் எங்கே வைப்பாள்? ஆண் சால்வையை எங்கே போடுவார்? இரண்டு கொக்கி, ஒரு தட்டு. தாழ்ப்பாள் பிடிக்காத கதவைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு இருப்பது எப்படி என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

பெண்கள் பக்கத்தில் மூடியோடு ஒரு வாளி, உள்ளே பை, பக்கத்தில் வெட்டி வைத்த பழைய பேப்பர். "நாப்கினைச் சுற்றி இதற்குள் போடவும்" என்று ஒரு வரி. இது இல்லாவிட்டால் அது கோப்பைக்குள் போகும், குழாய் அடைக்கும், பிளம்பர் கம்பி விட்டு இழுப்பார், அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வெளிநாட்டுக்காரருக்கு ரிசுப் பேப்பர் வையுங்கள். அதுவும் வாளிக்குத்தான், கோப்பைக்கு அல்ல.

கழுவும் முறை

மேலிருந்து கீழ், சுத்தத்திலிருந்து அழுக்கு. கதவுப் பிடி, சுவிச்சு, பைப் முதலில். பிறகு பேசின், பிறகு இருக்கை, பிறகு கோப்பை, கடைசியாக நிலம். மலசலகூடத் துணி சிவப்பு, மேசைத் துணி பச்சை. காய்ந்தாலும் ஒன்றாகக் காயப்போடுவதில்லை. கழுவுகிறவர் அந்த நேரத்துக்கு இறப்பர் கையுறையும் வேறு ஏப்ரனும் போடுகிறார். முடித்துச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் குசினி வாசலைத் தாண்டுவதில்லை.

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துவிட்டுத்தான் குளோரீன். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வீண். போத்தலில் வரும் ஐந்து வீதக் கரைசல் என்றால் ஐந்து லீற்றர் தண்ணீருக்கு 100 மில்லி லீற்றர், பத்து நிமிடம் விட்டு அலம்ப வேண்டும். அன்றன்று கலக்கியதை அன்றன்றே முடியுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பு. கோப்பை கழுவும் அமிலத்தையும் குளோரீனையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. எங்கள் கடைப் பெடியன் ஒருவன் "இரண்டும் போட்டால் இன்னும் வெளிக்கும்" என்று கலந்துவிட்டான். கண்ணீரும் இருமலுமாக ஓடி வந்து கிணற்றடியில் இருந்துவிட்டான், மூச்சு இழுத்தது. வெளிவந்தது குளோரீன் வாயு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பின்னேரம்தான் ஆள் தெளிந்தான். அன்றிலிருந்து அமிலம் ஒரு அலுமாரியில், குளோரீன் வேறு அலுமாரியில். அமிலம் இரவு கடை பூட்டிய பிறகு மட்டும். வினாகிரிக்கும் இதே சட்டம்.

மணம் வந்தால் வாசனை உருண்டை வாங்க முதல் நிலத்து வடிகாலைப் பாருங்கள். அதற்குள் நிற்கும் தண்ணீர்தான் குழியின் காற்றை மேலே விடாமல் தடுக்கிறது. வெயிலில் அது வற்றிவிடும். காலையில் கடை திறந்ததும் ஒரு வாளி அதற்குள். பாதி மணம் அதோடு போகும். மீதிப் பாதி கொமட்டின் பின்பக்கம், அதற்குத்தான் அக்கா கை போக இடம் கேட்டார்.

கதவின் பின்னால் ஒரு தாள்: நேரம், கையெழுத்து. சாதாரண நாளில் ஆறு, பத்து, ஒன்றரை, நாலு, ஏழு. திருவிழா 25 நாளும் மணிக்கு ஒரு தரம், அதற்கென்று ஒரு ஆள் கூட. முதலில் எல்லாரும் காலையிலேயே முழுக்கக் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். இப்போது நான் நடுவில் போய் நிலம் ஈரமா என்று பார்க்கிறேன்.

யாருக்குத் திறப்பது

"வாடிக்கையாளருக்கு மட்டும்" என்ற பலகை என் கடையில் இல்லை. திறப்பும் கவுண்டரில் தொங்குவதில்லை. திறப்புக் கேட்பது என்றால் எல்லாருக்கும் முன்னால் கேட்பது, பழைய கதைதான் திரும்ப. ஒழுங்கையில் மீன் கொண்டுவரும் அம்மா, ஓட்டோக்காரர், அரசாங்க அலுவலுக்குக் கச்சேரிக்கு வந்து வெயிலில் நிற்கும் வயதானவர்கள் எல்லாரும் வந்து போகிறார்கள். காசு வாங்குவதில்லை. என் கணக்கில் தண்ணீர்ச் செலவு கொஞ்சம் கூடியது, தேத்தண்ணி விற்பனை அதைவிடக் கூடியது. பஸ் கூட்டம் வரும் நாளில் மட்டும் நடையில் ஒருவரை நிறுத்துகிறேன், வரிசை மண்டபத்துக்குள் வராமல் இருக்க. கடை பெரிதாக இருந்து குழப்படி கூடுதலானால் நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம், அது உங்கள் இடத்தைப் பொறுத்தது.

எல்லாம் முடிந்து, பெயின்ற் காய்ந்த பிறகு, திறக்க முதல் நாள் ஒரு வேலை செய்யுங்கள். சேலை கட்டி, கைப்பையும் ஒரு சாமான் பையும் எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பெண் ஒருவரை உள்ளே அனுப்பிக் கதவைப் பூட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம். ஆண் முதலாளி என்றால் கட்டாயம். நான் போய்ப் பார்த்தேன். ஈரக்கையால் தாழ்ப்பாள் வழுக்கியது. யன்னல் கண்ணாடியில் பக்கத்து வீட்டு மாடிக்காரர் தெரிந்தார், அப்படியென்றால் அவருக்கும் நான் தெரிவேன். லைற் பேசின் மேலே இருந்தது, கோப்பைப் பக்கம் இருட்டு. கொக்கியை ஆறடி உயர மேசன் தன் கைக்கு எட்டிய இடத்தில் அடித்திருந்தார், எனக்கு எட்டவில்லை. தாழ்ப்பாளை மாற்றி, யன்னலுக்கு மங்கல் கண்ணாடி போட்டு, லைற்றைத் தள்ளி வைத்து, கொக்கியை ஒரு சாண் இறக்கி அடித்தோம்.